ஆவுடையான் கட்டிய கயிறு

கொடிக்கால் அம்மையைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். மற்றதையெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும். இது நடந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன், கையில் மண்வெட்டியோடும் வயிற்றெரிச்சலோடும்.

என் பெயர் மருதப்பன். கொற்றந்துறைத் துறைமுகத்தில் இருபது வருஷம் சுங்கச்சாவடியில் உட்கார்ந்து, வந்துபோகிற கப்பல்காரர்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அம்மையிடம் ஒரு கேள்வி கேட்கப் போனேன். "இந்தப் பாத்திக்குத் தண்ணி விடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றார். ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

அம்மையின் பெயர் செங்கமலம். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. ஆற்றங்கரையில் ஒரு வெற்றிலைத் தோட்டம், எங்கள் பக்கத்தில் அதைக் கொடிக்கால் என்போம். அங்கே சீடர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாருமே அவரைவிட மூத்தவர்கள், நரைத்த தலைகள், முட்டி வலிக்காரர்கள். எங்களுக்கு அவர் உபதேசம் என்று ஒன்றும் செய்ததில்லை. வேலை கொடுப்பார். அவ்வளவுதான்.

எங்களில் பெரிய மனுஷர் அம்பலவாணர். அறுபத்திரண்டு வயது. கொற்றந்துறை வணிகர் சபைக்குத் தலைவர். அவர் கைகாட்டினால் நாற்பது கப்பல் பாய் விரிக்கும். அப்படிப்பட்டவர் அம்மைக்கு முன்னால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நடந்து வருவார்.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தார். உச்சி வெயில். முகம் சரியில்லை.

"அம்மை, ஒரு கேள்வி."

"முதல்ல தண்ணி குடிங்க."

குடித்தார். பாதி மார்பில் வழிந்தது.

"நட்பு நாடுன்னா என்ன அம்மை?"

அம்மை வாழை நாரைக் கிழித்துக்கொண்டே, "யாரு என்ன பண்ணாங்க?" என்றார்.

அவ்வளவு போதும். மனுஷர் கொட்டித் தீர்த்துவிட்டார்.

விஷயம் இதுதான். எங்கள் கரையிலிருந்து இரண்டு நாள் கடல் பயணத்தில் செம்பொழில் என்று ஒரு தீவு நாடு. மூன்று தலைமுறையாக எங்களோடு நட்பு. அங்கே ஆழமான விரிகுடா இருக்கிறது, எங்களிடம் மரமும் தச்சர்களும் இருக்கிறார்கள். அதனால் எங்கள் சபை அங்கே போய் ஒரு கப்பல் துறை கட்ட ஆரம்பித்தது. கப்பல் கட்டலாம், உடைந்ததைச் சரிபார்க்கலாம். ஏழு வருஷ உழைப்பு. கடலைத் தடுக்க ஒரு பெரிய மதில் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நின்று வேலை வாங்குகிறவள் அம்பலவாணரின் மகள் வடிவு.

"மூணு வருஷத்துல மூணு ராஜா அம்மை! துறைக்கு நிலம் குடுத்தவர் பெரிய ராஜா, தங்கமான மனுஷர். அவர் பேரை வாசல்ல கல்லுல வெட்டி வச்சோம். அவர் தம்பி வந்தான், அண்ணனைத் துரத்தினான், கல்லை உடைச்சுப் போட்டான். சரின்னு அவன் பேரை வெட்டி வச்சோம். இப்ப பெரிய ராஜாவோட மருமகன் வந்திருக்கான். அந்தக் கல்லும் போச்சு."

"இப்ப வாசல்ல யார் பேரு இருக்கு?"

"மருமகன் பேரை வெட்டச் சொல்லியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"அதுகூடப் போகட்டும் அம்மை. இந்தப் பயல் தன் தங்கச்சியை வடகடல்ல கட்டிக் குடுத்திருக்கான்!"

வடகடல் என்றால் வடக்கே ஐந்து அரசர்கள் சேர்ந்த ஒரு கூட்டணி. எங்கள் துறைமுகத்துக்கும் அவர்களுக்கும் ஜென்மப் பகை. எங்கள் கப்பல் போகிற வழியெல்லாம் அவர்கள் கப்பலும் வந்து நிற்கும்.

"எங்ககூட ஒப்பந்தம் இருக்கு. ஒரு கையில எங்க கையைப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையை அவனுங்ககிட்ட நீட்டுறான். இது துரோகமா இல்லையா?"

அம்மை நாரை ஓரமாக வைத்தார். "வடிவு எப்படி இருக்கு?" என்றார்.

அம்பலவாணர் அப்படியே தளர்ந்துபோனார். மடியிலிருந்து மகளின் ஓலையை எடுத்துப் படித்தார்.

"‘அப்பா, மதில் பாதித் தூரத்தில் நிற்கிறது. மழைக்கு முன் முடியாவிட்டால் கடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். மரம் அனுப்புங்கள். இல்லையென்றால் எங்களை ஏற்றிவரப் படகு அனுப்புங்கள். இரண்டில் ஒன்று சொல்லுங்கள். இங்கே நம் ஆட்கள் நூற்றிருபது பேர், கைக்குழந்தைகள் உட்பட.’"

"சபை என்ன சொல்லுது?"

"பாதிப் பேர் இருக்கிறதையெல்லாம் பிடுங்கிக்கிட்டு வந்துடலாங்கிறான். பாதிப் பேர் இவ்வளவு போட்டாச்சு, இன்னும் போடுங்கிறான். நான் ரெண்டும் இல்லாம ஒண்ணு எழுதி வச்சிருக்கேன்."

இன்னொரு ஓலை வெளியே வந்தது. இது நீளம் அதிகம், எழுத்தும் கொட்டை எழுத்து. அதைப் படிக்கும்போது அவர் குரலே மாறிவிட்டது.

"‘செம்பொழில் அரசருக்கு. வடகடலா, நாங்களா? அந்த உறவை அறுத்துவிட்டுப் பதில் அனுப்பவும். பத்து நாள் தவணை. இல்லையேல் துறையில் எங்கள் கட்டை ஒன்றும் மிஞ்சாது.’ நாளைக் காலைல கப்பல் கிளம்புது அம்மை. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா முத்திரை வச்சுடுவேன்."

நான் சுங்கச்சாவடிக்காரன். இந்த மாதிரி ஓலைகள் போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். புதிதாக நாற்காலியில் உட்கார்ந்த ராஜா, பயந்த ராஜா. அவன் ஊருக்குள் இவர் மகள். அது அம்பலவாணருக்கும் தெரியும்.

அம்மை எழுந்து சேலையை இழுத்துச் செருகினார்.

"கடைசிப் பாத்தி பாக்கி இருக்கு. கொடியை இறக்கிட்டுப் பேசுவோமா?"

பாவம், அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அம்மை சொன்னால் செய்வார். பதினோரு வருஷப் பழக்கம்.

கொடி இறக்குவது என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெற்றிலைக்குப் பிடிமானமாக வரிசை வரிசையாக அகத்தி போடுவோம். கொடி அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். கைக்கு எட்டாத உயரம் போனதும் கட்டை அவிழ்த்து, கொடியை மெதுவாகக் கீழே இறக்கி, அடியிலேயே வளையமாகச் சுருட்டி மண்ணில் புதைத்துவிட்டு, நுனியை மட்டும் வெளியே விட்டு அகத்தியோடு சேர்த்துக் கட்டுவோம். புதைத்த இடத்தில் புது வேர் விடும். கொடி இளசாகத் திரும்ப ஏறும். பார்க்கிறவர்களுக்குக் கொலை செய்கிற மாதிரி இருக்கும்.

அம்பலவாணர் நாலு கொடி இறக்கியிருப்பார். வேலியோரம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அம்மை! இதென்ன அக்கிரமம்?"

வேலியை ஒட்டிக் கடைசியாக நின்ற அகத்தியில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. இரண்டு விரல் தடிமன். மறுமுனை வேலிக்கு அந்தப் பக்கம் பூவரச மரத்தில் கட்டியிருந்தது. அது பக்கத்துத் தோட்டம். ஆவுடையானுடையது. ஆவுடையானுக்கும் எங்களுக்கும் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர்ச் சண்டை.

"உங்க மரம் அம்மை! உங்க கொடி ஏறியிருக்கிற மரம். அதை அவன் தன் மரத்தோட கட்டி வச்சிருக்கான்!"

"ஆமா. ஆவுடையான் கட்டினது."

"பார்த்துக்கிட்டு சும்மா இருக்கீங்களா?"

"எதுக்குக் கட்டினான்னு கேட்டுட்டு அறுக்கலாமே."

"கேக்குறதுக்கு என்ன இருக்கு? கண்ணு முன்னாடி தெரியுது. இன்னிக்குக் கயிறு கட்டுவான், நாளைக்கு மரமே என்னுதும்பான்."

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துவிட்டார். எனக்குத் தெரியும் அந்தக் கயிறு எதற்கென்று. "ஐயையோ, வேண்டாங்க" என்று வாயைத் திறந்தேன். அம்மை கையைத் தூக்கினார். என்னை நிறுத்தத்தான் தூக்கினார், அவரை நிறுத்த இல்லை.

"அப்ப உங்க இஷ்டம்" என்றார் அவரிடம்.

அம்பலவாணர் அறுத்தார். ஒரே வெட்டு. கோபத்தில் இருக்கிற மனுஷனுக்குக் கத்தி நன்றாகத்தான் வெட்டும்.

கயிறு சுருண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் எங்களைப் பார்த்துத் திரும்பினார், முகத்தில் ஒரு வெற்றி. அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் மரம் சாய ஆரம்பித்தது.

எங்கள் பக்கம்தான் சாய்ந்தது. அடுத்த அகத்தி மேல் விழுந்தது. அது அதற்கடுத்ததின் மேல். மொத்தம் ஆறு மரம், ஆறு கொடி, முழங்கால் உயரத்துக்குப் பச்சையாகக் குவிந்து கிடந்தது. முதல் மரம் விழும்போது வேரோடு வேலியடி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. அது ஆவுடையானின் வாய்க்கால் கரை. தண்ணீர் திபுதிபுவென்று எங்கள் பாத்திக்குள் இறங்கியது.

அந்த ஆறு கொடிக்கும் வருஷக்கணக்காகத் தண்ணீர் விட்டவன் நான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

"எவன்டா கயித்த அறுத்தது?"

ஆவுடையான் வேலியைத் தாண்டி வந்தான். அவனுக்கு நாற்பது கப்பலும் தெரியாது, சபைத் தலைவரும் தெரியாது. சேற்றில் கத்தியோடு நின்ற ஒரு கிழவர்தான் தெரிந்தார்.

"உனக்கு மண்டையில ஏதாவது இருக்காய்யா? போன வாரக் காத்துல அந்த மரம் வேர் ஆடிப்போச்சு. விழுந்தா என் கரை பெயந்துடும்னு நான் ராவும் பகலும் பாத்துக் கட்டி வச்சேன். போச்சே, எல்லாம் போச்சே!"

அம்பலவாணர் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அம்மை முன்னால் போனார். "எங்க வீட்டு ஆளு, தெரியாம அறுத்துட்டார். தப்பு எங்களுது. வாங்க, முதல்ல கரையைப் போடுவோம்."

எங்க வீட்டு ஆளு. இதைச் சொல்லும்போது அம்மையின் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. நான் எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை செய்திருக்கிறேன். தன் தோட்டத்தை அழித்தவனுக்காக அடுத்தவனிடம் தலைகுனிந்த ஒருவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

நாங்கள் நாலு பேரும் மண்ணை வெட்டிப் போட்டுக் கரையை அடைத்தோம். சபைத் தலைவர் கூடை சுமந்தார். ஆவுடையான் அவரை "சீக்கிரம் சீக்கிரம்" என்று விரட்டினான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தண்ணீர் நின்றதும் அம்பலவாணர் விழுந்து கிடந்த கொடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் தனக்காகத்தானே கட்டினான்" என்றார் மெதுவாக.

"ஆமா, தனக்காகத்தான்."

"அதுல நம்ம மரமும் நின்னுச்சு."

அம்மை ஒரு கொடியின் நுனியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் பிடுங்கிப் போட்டுடலாமா அம்மை?"

"எதுக்கு? கொடி சாகலையே. எப்படியும் இன்னிக்கு இறக்கவேண்டியதுதான். பாத்துப் புதைங்க. மரத்தைப் பிடிச்சிருக்கே, அது வேர் இல்லை, சும்மா கைப்பிடி. வேர் கீழே இருக்கு."

"மரம் இல்லாம எப்படி ஏறும்?"

"புது அகத்தி விதைப்போம். அதுவும் மூணு வருஷம் தாங்கினாப் பெரிசு. அது பட்டுப்போறதுக்கு முன்னாடி பக்கத்துல இன்னொண்ணு விதைப்போம். அகத்தி எப்பவும் அப்படித்தான். அதுமேல கோவிச்சுக்கிட்டு யாரு வெத்தலை போடாம இருக்காங்க?"

அம்பலவாணர் குனிந்து கொடியைச் சுருட்டினார். அம்மையும் சுருட்டினார். வேலையோடு வேலையாக அம்மைதான் பேச்செடுத்தார்.

"அந்தத் துறையில செம்பொழில் தச்சங்க எத்தனை பேரு வேலை செய்றாங்க?"

"ஒருத்தரும் இல்லை. நம்ம ஆளுங்க கைவேலை அவங்களுக்கு வராது அம்மை."

"அந்த ஊர் மீன்காரங்க படகு உடைஞ்சா அங்க ஏத்துவாங்களா?"

"அது அவங்க பாடு. துறை ராஜா கப்பலுக்கும் நம்ம கப்பலுக்கும்தான்."

"ஊர்ச் சனங்க அதை என்னன்னு சொல்றாங்க?"

அம்பலவாணரின் கை நின்றது.

"‘அவங்க துறை’ங்கிறாங்க."

அம்மை தலையசைத்தார். "மதில் எவ்வளவு உயரம் போடுறீங்க?"

"முப்பது அடி."

"கடலைத் தடுக்க எவ்வளவு வேணும்?"

"பதினஞ்சு போதும்."

"மிச்சம் பதினஞ்சு யாருக்கு?"

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "ராஜா பாத்து மெச்சணுமேன்னு போட்டது" என்றார்.

ஐந்து கொடி முடிந்தது. ஆறாவதைப் புதைத்து, ஒரு குச்சியை நட்டு நுனியைக் கட்டப் பார்த்தால் நார் தீர்ந்துபோயிருந்தது. நான் எடுத்துவர எழுந்தேன். அம்பலவாணர் "வேண்டாம்" என்றார். மடியில் கைவிட்டார். அந்த நீள ஓலை. நெடுக்காக நாலாகக் கிழித்தார். ஒரு கீற்றை எடுத்துக் கொடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டினார். முதலில் இறுக்கினார், பிறகு தானே ஒரு விரல் இடம் விட்டுத் தளர்த்தினார்.

நான் எட்டிப் பார்த்தேன். முடிச்சுக்குப் பக்கத்தில் "வடகடலா" என்ற கொட்டை எழுத்து பாதி தெரிந்தது.

வண்டியில் ஏறும்போதும் அவர் முகத்தில் கவலை போகவில்லை. மகள் அங்கேதானே இருக்கிறாள்.

"மரம் அனுப்பவா அம்மை, படகு அனுப்பவா?"

"ரெண்டையும் அனுப்புங்க. பாதி உயர மதிலுக்குப் பாதி மரம் போதுமே. படகு அங்கேயே நிக்கட்டும். பயப்படுறவங்க ஏறி வரட்டும், அவங்களை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது."

அப்படியே செய்தார். சபையில் சிரித்தார்கள். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நேராகவே சொன்னார்கள். வாசல் கல்லில் பெயர் வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். செம்பொழில் தச்சர்கள் அறுபது பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மீன்காரர்கள் படகை முதலில் ஏற்று, நம் கப்பலை அப்புறம் பார் என்று மகளுக்கு எழுதினார். இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு பெரியவர் சபையை விட்டே எழுந்து போனார்.

மழைக்கு ஒன்பது நாள் முன்னால் மதில் முடிந்ததாகச் செய்தி வந்தது. அதற்கப்புறம் கடல் மூடிவிட்டது. நான்கு மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு, செம்பொழிலில் அந்த மருமகன் ராஜாவையும் துரத்திவிட்டார்கள், ஊர் எரிகிறது என்று மட்டும் ஒரு படகுக்காரன் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நாட்களில் அம்பலவாணர் தினமும் கொடிக்காலுக்கு வந்தார். ஒன்றும் கேட்க மாட்டார். நான் தண்ணீர் விட்டால் அவர் மடை திருப்புவார். இளைத்துப்போய்விட்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஒருநாள் என்னை அறியாமல் என் சோற்றில் பாதியை அவருக்குப் போட்டேன்.

தை மாதம் ஒரு காலையில் அவர் வரப்பில் ஓடிவந்தார். அறுபத்திரண்டு வயதில் ஓட்டம். பின்னால் வடிவு. வெயிலில் கறுத்து, உள்ளங்கையெல்லாம் காய்ப்பு ஏறி, முழுசாக நின்றாள். அம்மையின் காலைத் தொட்டாள். அம்மை அவளைத் தூக்கிக் கன்னத்தைத் தடவினார். அம்மையின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

வெற்றிலையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வடிவு சொன்னாள்.

"ராஜா ஓடின அன்னிக்கு அவனுக்கு வேண்டியவங்க இடமெல்லாம் அடிச்சாங்க அம்மை. வாசல்ல அவன் பேரு இருந்த ஒரு கட்டடம் மிஞ்சலை. அப்புறம் எங்ககிட்ட வந்தாங்க. இருநூறு பேரு, கையில தீவட்டி. நம்ம ஆளுங்க நடுங்கிப்போயிட்டாங்க. படகு கட்டிக் கிடக்கு, ஏறிடலாம்னு சொன்னேன். ஒருத்தரும் ஏறலை."

"நீ?" என்றார் அம்பலவாணர்.

"நான் வாசல்ல நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு மீன்காரி வந்து நின்னா. பேச்சியாத்தான்னு பேரு. ‘உள்ள எங்க படகு பதினேழு நிக்குது. எவனாவது நெருப்பை உள்ள கொண்டாந்தா கையை ஒடிச்சிடுவேன்’னா. அவ பின்னாடி அறுபது தச்சங்களும் உளியோட வந்துட்டாங்க. வந்தவங்க கொஞ்ச நேரம் பாத்தாங்க. ‘இது நம்ம துறைதான், விடு’ன்னு ஒருத்தன் சொன்னான். போயிட்டாங்க."

நான் வாயிலிருந்த வெற்றிலையை மெல்வதையே மறந்துவிட்டேன்.

"இன்னொண்ணும் சொல்லணும் அப்பா. நீங்க கோவிச்சுக்கக்கூடாது. மழைக்கு முன்னாடி அங்க பெரிய பஞ்சம். சம்பந்தி ஊராச்சேன்னு வடகடல்காரங்கதான் அரிசி அனுப்பினாங்க. அது வரலேன்னா ஊரு அப்பவே எரிஞ்சிருக்கும். அப்ப மதிலும் இல்லை, அறுபது தச்சங்களும் இல்லை, பதினேழு படகும் இல்லை. நாங்களும் இருந்திருக்க மாட்டோம்."

அம்பலவாணர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து வேலியோரம் போனார். நாங்களும் போனோம். ஆறு கொடியில் நாலு பிழைத்து, புது அகத்தியில் இடுப்பளவு ஏறியிருந்தது. மற்ற இரண்டும் அழுகிப்போயிருந்தன. அவர் கட்டிய ஓலைக் கீற்று காய்ந்து கிடந்தது, எழுத்து மங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆவுடையான் புதுக் கயிறு ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்து, "அந்தக் கிழவரைக் கத்தியோட விடாதீங்க" என்றான்.

அம்பலவாணர் சிரிக்கவில்லை. அழுகிய கொடியைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மை, உங்களுக்கு அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கு. அந்தக் கயிறு எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த ரெண்டு கொடியும் பிழைச்சிருக்குமே? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

அம்மை வடிவின் தோளில் கைவைத்திருந்தார்.

"சொல்லியிருந்தா நீங்க தலையாட்டிட்டுப் போயிருப்பீங்க. போயி, அங்க அறுத்திருப்பீங்க."

அம்பலவாணர் தன் மகளைப் பார்த்தார். பிறகு மடை திருப்பப் போனார்.